குடிசையைப் பிரிப்பதற்கு முன்னால்

"லிஸ்ட்டில் உன் பேர் வந்துடுச்சு, இடத்தைக் காலி பண்ணி வை" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு அம்மா தன் கீற்றுக் குடிசையைப் பிரித்துப் போட்டார். ஐப்பசி மழை முழுவதையும் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கழித்தார். பட்டியலில் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் பட்டா மாமனார் பெயரில் இருந்தது. மாமனார் இறந்து பதினோரு வருடம். அதனால் வீடு கட்டச் சொல்லும் வேலை உத்தரவு வரவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, "உன்னை யாரும்மா பிரிக்கச் சொன்னது?" என்றார்கள். சொன்னவர் அந்த அலுவலகத்து டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

மனு எழுதிக் கொடுக்கிற வேலையில் இந்தக் கதையை வெவ்வேறு வடிவத்தில் பலமுறை கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிராமத்தில் வீடு கட்ட மானியம் என்றால் தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் மாநில அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லம். குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 2030க்குள் 8 லட்சம் வீடு என்பது அறிவிப்பு. மற்றொன்று, மத்திய அரசும் மாநில அரசும் 60:40 விகிதத்தில் பணம் போடும் பிரதமர் வீடு, அதாவது பிரதமர் ஆவாஸ் யோஜனா. அதன் அடிப்படைத் தொகை 1 லட்சத்து 20 ஆயிரம். கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தன் பங்காக இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம் சேர்க்கிறது. இரண்டுமே ஊராட்சி, ஒன்றிய அலுவலகம் வழியாகத்தான் வரும். திட்டத்தின் வரலாறு இவ்வளவு போதும்.

மனு கொடுத்தால் வீடு வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த இரண்டு திட்டத்திலும் மனுவைவிடப் பட்டியல்தான் பெரியது. பிரதமர் வீட்டுக்கு 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு, அதில் விட்டுப்போனவர்களுக்காகப் பிறகு எடுத்த ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பு. கனவு இல்லத்துக்கு 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்காக எடுத்த குடிசைக் கணக்கின் மறு ஆய்வு, அப்புறம் புதிய குடிசைக் கணக்கெடுப்பு. இவற்றில் பெயர் இல்லாமல் எத்தனை மனு கொடுத்தாலும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில் வரும், அவ்வளவுதான். எனவே முதல் கேள்வி "மனு எங்கே கொடுப்பது" என்பதாக இருக்கக் கூடாது. "எந்தப் பட்டியலில், எத்தனையாவது இடத்தில் என் பெயர் இருக்கிறது?" என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். "இருக்கு, பார்த்துக்கலாம்" என்றால் விடாதீர்கள். வரிசை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் பெரும்பாலும் பெயர் இல்லை என்று பொருள்.

கணக்கெடுக்க வருகிற அன்று வீட்டில் ஆள் இருக்க வேண்டும். பூட்டிய குடிசையை "ஆள் வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கரும்பு வெட்டப் போன குடும்பங்களும் செங்கல் சூளைக்குப் போன குடும்பங்களும் இப்படித்தான் விட்டுப்போகின்றன. ஒழுகுகிறதே என்று கீற்றுக்கு மேல் நான்கு தகரத்தைப் போட்டு மூடிய ஒருவரின் வீட்டை "சீட்டு வீடு" என்று எழுதிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். மழைக்குத் தகரம் போட்டது அவர் செய்த குற்றம்! உங்கள் வீடு அப்படி இருந்தால் வந்தவரை உள்ளே கூப்பிட்டுச் சுவரையும் கூரையையும் காட்டுங்கள். உள்ளேயிருந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் ஒன்று எடுத்து வையுங்கள்.

பிரதமர் வீட்டில் கழித்துக்கட்டும் விதிகள் சில உண்டு. முன்பு பைக் இருந்தால் கிடையாது, ஃபிரிட்ஜ் இருந்தால் கிடையாது என்றிருந்தது. 2024இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். மாத வருமான வரம்பையும் 10 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரமாக உயர்த்தினார்கள். இந்த மாற்றம் பல ஊர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. "வண்டி வெச்சிருக்கே, உனக்கு வராது" என்று இப்போதும் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர யாருக்கும் கை வராது, ஏனென்றால் அந்த விதி இப்போது இல்லை. ஆனால் வாடகைக்கு ஓட்டுகிற ஷேர் ஆட்டோவோ குட்டியானையோ உங்கள் பெயரில் இருந்தால் சிக்கல்தான். மூன்று சக்கரம், நான்கு சக்கரம் இன்னும் தடைப் பட்டியலில் இருக்கிறது. 50 ஆயிரமோ அதற்கு மேலோ வரம்புள்ள கிசான் கடன் அட்டை, இரண்டரை ஏக்கரோ அதற்கு மேலோ பாசன நிலம், குடும்பத்தில் ஓர் அரசு ஊழியர் ஆகியவையும் அப்படித்தான்.

சரி, பெயர் இருக்கிறது. அடுத்த முட்டுக்கட்டை பட்டா. என் அனுபவத்தில் பத்துக்கு ஆறு வீடுகள் இங்கேதான் நிற்கின்றன.

"முப்பது வருஷமா வீட்டு வரி கட்டுறோம், கரண்ட் பில் எங்க பேர்ல இருக்கு" என்பார்கள். வீட்டு வரி ரசீது நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும். இடம் உங்களுடையது என்று காட்டாது. இறந்துபோனவர் பெயரில் பட்டா இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல் என்று மூன்று படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் விஏஓ, ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர வேண்டும். வாரிசுகளில் ஒருவர் திருப்பூரிலோ கேரளத்திலோ இருந்தால் அவருடைய ஆதாருக்கும் கையெழுத்துக்கும் இரண்டு மாதம் போகும். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பங்காளி, சமயம் பார்த்து, பத்து வருடத்துக்கு முந்தைய வேலித் தகராறை அப்போதுதான் ஞாபகப்படுத்துவார். ஆகவே வீடு வந்த பிறகு பட்டாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வீடு வருமா வராதா என்பதே தெரியாத இன்றைக்கே இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்குப் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் 60 ரூபாய். ஒப்புகைச் சீட்டில் இருக்கும் எண்ணை ரேஷன் கார்டு உறையில் எழுதி வையுங்கள். சீட்டு தொலைந்துவிடும், ரேஷன் கார்டு தொலையாது.

புறம்போக்கில் இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆட்சேபனையற்ற புறம்போக்காக இருந்தால் வருவாய்த் துறை வரன்முறை செய்து பட்டா கொடுக்க முடியும். ஏரிக்கரை, வாய்க்கால், குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்துக்குப் பட்டா வராது. "நான் வாங்கித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பணம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருப்பவர்கள் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு வேறு இடத்துக்கு மனு கொடுப்பது ஒன்றுதான் நேர்வழி. நீண்ட வழி, தெரியும்.

பெயர்ப் பொருத்தம் சின்ன விஷயம் போலத் தெரியும். பட்டாவில் "செல்லம்மாள்", ஆதாரில் "செல்லம்மா", வங்கியில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு. மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரை முதலில் சரிசெய்து, அதன்படி மற்றவற்றை மாற்றுங்கள். நூறு நாள் வேலைக்காக ஒன்று, கேஸ் மானியத்துக்காக ஒன்று என்று மூன்று பாஸ்புக் வைத்திருப்பவர்கள், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகள் இணைக்கப்பட்டு ஐஎஃப்எஸ்சி எண் மாறியது தெரியாமல் பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்துவிட்டு, முதல் தவணை திரும்பிப் போய் நான்கு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

அப்புறம் கிராம சபை. பயனாளிப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். வருடத்தில் ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டை எடுத்துவந்து, என்ன தீர்மானம் என்றுகூடச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்துக்குப் போய், "வீட்டுப் பட்டியலை வாசியுங்க" என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். ஒருத்தராகக் கேட்டால் முறைப்பார்கள், பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்டால் வாசித்துவிடுவார்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அதன் பிறகு "தலைவர் இல்லை, எதுவும் நடக்காது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் பழக்கம் வந்திருக்கிறது. தலைவர் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அதிகாரி ஒருவர் இருக்கிறார். மனுவை அவருக்கு எழுதுங்கள்.

எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "சீல் சாவி இல்லை" என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும், ஆனால் அந்த மனுவும் கடைசியில் உங்கள் ஒன்றிய (பிடிஓ) அலுவலகத்துக்கேதான் திரும்பி வரும். அது தெரிந்துகொண்டே கொடுங்கள். எண் கையில் இருந்தால் பேச்சு மாறும். இரண்டு மாதமாக நகரவே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி: என் பெயர் பட்டியலில் எத்தனையாவது, எனக்கு முன்னால் இருந்தவர்களில் யாருக்கு உத்தரவு தரப்பட்டது, எனக்கு ஏன் தரப்படவில்லை. கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்தால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே சில கோப்புகள் நகர்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இனி பணம். வேலை உத்தரவு என்று ஒரு காகிதம் உங்கள் பெயரில், எண்ணோடு, கையெழுத்தோடு கைக்கு வர வேண்டும். அது வரும்வரை கூரையிலிருந்து ஒரு கீற்றைக்கூட உருவாதீர்கள். பெயர் வந்ததும், கணக்கெடுத்ததும், ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்ததும், கிராம சபையில் வாசித்ததும் உத்தரவு ஆகாது. உத்தரவுக்கு முன்பே கடைக்கால் தோண்டி விட்டால், "கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் தர முடியாது" என்றும் சொல்வார்கள்.

உத்தரவு வந்தாலும் பணம் முன்கூட்டி வராது. நீங்கள் கட்டக் கட்டத்தான் வரும். பேஸ்மென்ட் முடிந்ததும் ஒன்று, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் ஒன்று, ரூஃப் போட்டதும் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து படம் எடுத்து, எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதி, பில் போட வேண்டும். சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் குடோனிலிருந்து தருவார்கள், அதன் விலையைத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். இதைச் சொல்லாததால் கையில் வரும் தொகை குறைவதைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். மூட்டைக் கணக்கைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இறக்காத மூட்டைக்கும் பிடித்த சம்பவம் உண்டு.

அதாவது பேஸ்மென்ட் வரைக்கும் உங்கள் சொந்தப் பணம். அதற்குத்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள், அங்கேதான் விழுகிறார்கள். மூன்றரை லட்சத்தை 360ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். உங்கள் ஊர்க் கொத்தனாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். மீதியை யார் போடுவது என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. அதனால், "கட்டுறதுதான் கட்டுறோம், ஒரு ரூம் சேர்த்துப் போடலாம்" என்று மேஸ்திரி சொன்னால் காதில் வாங்காதீர்கள். சேர்த்த அறையால் லிண்டலில் நின்றுபோன வீடுகளை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம், செடி முளைத்திருக்கும். முழு ஒப்பந்தமாக ஒருவரிடம் விட்டு, பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் அவரிடமே கொடுக்கிற வழக்கத்தையும் நிறுத்துங்கள். ரூஃப் பில் வந்ததும் காணாமல் போகிற மேஸ்திரியைத் தேட எந்த அலுவலகமும் உதவாது.

கடைசி பில்லுக்கு அலைகிறவர்கள்தான் அதிகம். பூச்சு, கதவு, ஜன்னல் எல்லாம் முடிந்து படம் எடுத்தால்தான் அது வரும். கையில் காசில்லாமல் பூச்சு நிற்கும், பூச்சு நிற்பதால் காசு வராது. முதல் மூன்று தவணையிலிருந்து கதவுக்கும் பூச்சுக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மற்றதைச் செலவு செய்யுங்கள். கழிப்பறைக்கான 12 ஆயிரம் ரூபாய் தூய்மை பாரதக் கணக்கில் வருவது, அதை யாரும் தானாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். முன்பே உங்கள் பெயரில் கழிப்பறை கட்டியதாகப் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாத கழிப்பறைக்குப் பதிவு இருந்த வீட்டுக்காரர் ஒருவரின் மனு இன்னும் என் பையில்தான் இருக்கிறது.