பிஆர்0-ஐப் பார்த்துவிட்டு லைன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. அம்பாசமுத்திரம் பக்கத்து கேபிள் ஆபரேட்டர் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டார். "அண்ணாச்சி, 200 எம்பிக்குத் துட்டு கட்டுதேன். கிராஃப்ல 40 கேபிக்கு மேல ஏற மாட்டக்கு. லைன் குடுத்தவன் ஏமாத்துதான்." போய்ப் பார்த்தால் லைன் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டு லேன் கார்டைச் சேர்த்து, ஒன்றில் வருவது மற்றதில் போகும்படி பிரிட்ஜ் போட்டிருக்கிறார். கிராஃப் வரைந்ததோ பிஆர்0 (br0) என்று அந்தப் பெட்டியில் பெயர் வாங்கியிருக்கும் பிரிட்ஜை.

பிரிட்ஜ் என்று பெயர் இருப்பதால் அதன்மேல் போகிறதெல்லாம் அதன் கணக்கில் ஏறும் என்று நினைத்துவிடுகிறோம். ஏறாது சாமி! பிஆர்0 என்பது அந்தப் பெட்டியின் சொந்த வாசல். பெட்டிக்கென்று வருவது, பெட்டி அனுப்புவது, 'இந்த ஐபி யாருடையது?' என்று கேட்கும் ஏஆர்பி மாதிரி ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பிராட்காஸ்ட், இவைதான் அங்கே பதிவாகும். ஒரு கார்டில் நுழைந்து மற்ற கார்டில் வெளியேறும் சந்தாதாரர் டிராஃபிக் அந்த வாசலை மிதிப்பதே இல்லை. திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தில் ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் போகிற பஸ்ஸை எண்ணச் சொன்னால், பாலத்துக் காவல்காரர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை எண்ணிக்கொண்டு வந்த கதைதான்.

இதில் ஒரு கூத்து உண்டு. சந்தேகப்பட்டு யாராவது பிஆர்0-இல் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) ஓட்டுவார்கள். உடனே வரவுக் கோடு எகிறும். "சரியாயிட்டுல்லா!" எங்கே சரியானது? தனக்கு வராததையும் வாங்கிப் பார்க்கும் ப்ராமிஸ்கியஸ் மோடுக்குப் போனதால் கடந்து போகிறவற்றின் நகல் பெட்டிக்கும் வருகிறது. நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதை நம்பி அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

லைன் வந்து இறங்கும் கார்டின் போர்ட்டை மட்டும் அளங்கள். அதன் வரவு டவுன்லோடு, செலவு அப்லோடு. இரண்டு போர்ட்டையும் கூட்டாதீர்கள், ஒரே பாக்கெட் இரண்டு தடவை எண்ணப்படும். போர்ட்டில் கணக்கு வைக்கும் கவுண்டர் எண்ணுவது பைட், லைன் விற்பது பிட். எட்டால் பெருக்க மறந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

போர்ட்டை மாற்றிய பிறகும் ஒரு குழி இருக்கிறது. கிராஃப் மென்பொருள் பெட்டியிடம் கணக்குக் கேட்கும் எஸ்என்எம்பி (SNMP) முறையின் பழைய 32 பிட் கவுண்டர் சுமார் 429 கோடி பைட்டில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 200 எம்பி முழுசாக ஓடினால் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் கிடைப்பது குப்பை. 64 பிட் கவுண்டருக்கு மாறுங்கள். எஸ்என்எம்பி வெர்ஷன் 1-இல் அது கிடையாது, 2சி வேண்டும்.

அந்த ஆபரேட்டர் எனக்குப் போன் போடும் முன்பே லைன்காரரை வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்திருந்தார். மறுநாள் நேரில் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. தயவுசெய்து முதலில் லினக்ஸ் பெட்டியில் 'ஐபி -எஸ் லிங்க்' (ip -s link) என்ற கட்டளையை அடித்து அந்த போர்ட்டில் ஏறியிருக்கும் பைட் கணக்கைப் பாருங்கள். ராத்திரி நேரத்தில் அம்பை ரோட்டில் பைக் ஓட்ட எனக்கும் வயசாகிறது.