வயர் எரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

"இத நம்மட மகனுக்கும் வைக்க ஏலாதா மிஸ்?"

கைபேசியை நீட்டியவர் கல்முனைப் பக்கத்து வாப்பா ஒருவர். வீடியோவில் ஒரு சிறுமி வென்டிலேட்டர் இல்லாமல் சக்கர நாற்காலியில் இருந்து சிரிக்கிறாள். மடியில் சின்னப் பெட்டி. இவருடைய மகன் மாமரத்தால் விழுந்து கழுத்தில் முண்ணாண் அடிபட்டவன். அவன் நெஞ்சுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை. இப்படி வீடியோ காட்டிக் கேட்கிற முதல் ஆள் இவர் இல்லை.

அந்தப் பெட்டி பிரிமென்றகட்டுக்கான பேஸ்மேக்கர். மூச்சை இழுக்கிற பெரிய தசை பிரிமென்றகடு. அதை ஆட்டுவிக்கிற பிரெனிக் நரம்பு கழுத்தில் 3, 4, 5 ஆம் முண்ணாண் நரம்புகளில் இருந்து இறங்குகிறது. அந்த நரம்பில் மின்முனையை வைத்து, தோலுக்கு அடியில் ஒரு வாங்கியைப் புதைப்பார்கள். தோலின் மேல் ஒட்டிய அன்டெனா வழியாக வெளிப்பெட்டி துடிப்புகளை அனுப்ப, பிரிமென்றகடு சுருங்கி மூச்சு உள்ளே போகும். யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் 1960களிலேயே இதில் இறங்கிவிட்டார். நமக்குத்தான் வீடியோ இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

வாப்பாவுக்கு இப்படித்தான் சொன்னேன்: "ரோட்டில கரண்ட் இல்ல, வீட்டு வயரிங் நல்லாயிருக்கு எண்டா ஜெனரேட்டர் பூட்டலாம். வயரே எரிஞ்சிருந்தா?"

முண்ணாண் 3 ஆம் நரம்புக்கு மேலே அறுபட்டால் மூளையின் கட்டளை இறங்காது, ஆனால் பிரெனிக் நரம்பு உயிரோடு இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கருவி உதவலாம். அடி அந்த 3, 4, 5 இலேயே விழுந்திருந்தால் நரம்பே செத்துப்போயிருக்கலாம். தசையே நலிகிற நோய்களுக்கும் இது சரிவராது. கழுத்தில் நரம்பைச் சின்ன மின்சாரத்தால் தூண்டி, பிரிமென்றகடு அசைகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். காசு சேர்க்க ஓடுவதற்கு முன் கேட்க வேண்டியது இந்தச் சோதனையைத்தான்.

விழாமலே மூச்சு நிற்கிற பிள்ளைகளும் உண்டு, மிக அரிதாக. பிஎச்ஓஎக்ஸ்2பி (PHOX2B) என்ற மரபணுவில் மாற்றம், தூங்கியதும் மூச்சு குறைந்துவிடும். மூச்சுத் திணறுகிற மாதிரியும் தெரியாது, பிள்ளை சத்தமில்லாமல் நீலம் பாரிக்கும். இவர்களுக்கு நரம்பு நல்லாயிருப்பதால் கருவி பொருந்தும்.

வைத்தவுடன் வென்டிலேட்டரைக் கழற்றுவதும் இல்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்த தசை சீக்கிரம் களைக்கும். கொஞ்ச நேரமாகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். கருவி இழுக்கிற நேரம் தொண்டைத் தசை திறந்து கொடுக்காவிட்டால் மேல் மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்ளும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு, வென்டிலேட்டர் குழாய்க்காகத் தொண்டையில் போட்ட துளையை மூடாமல் வைத்திருப்பது வழக்கம். இருமலையும் இது தராது, சளியை நாம்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். வீடியோவில் அதைக் காட்டுவதில்லை!

மின்வெட்டு நேரத்தில் வீட்டில் வென்டிலேட்டரோடு ஒரு பிள்ளை இருந்தால் என்ன பாடு என்று 2022ஐக் கடந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. கருவி பற்றரியில் ஓடும் என்றாலும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கை வீட்டில் இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு ஆறாத கோபம். மரத்தால் விழுந்த பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் இருத்திக் கொண்டு வராதீர்கள். தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்தபடி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

வாப்பா கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "அந்த நரம்புட பேரத் தமிழிலயே எழுதித் தாங்க மிஸ். கொழும்பில டொக்டரிட்டக் கேக்கணும்."