கொள்கைகளும் கொள்கைகளும்: பிரின்சிபிள், பாலிசி – சொல் விளக்கம்

அமெரிக்கப் பள்ளி நூலக ஆவணங்களைத் தமிழாக்கும்போது தவறாமல் சீரழியும் தொடர் ஒன்று உண்டு: 'கைடிங் பிரின்சிபிள்ஸ் அண்ட் பாலிசிஸ் ஃபார் ஸ்கூல் லைப்ரரி மீடியா புரோகிராம்ஸ்'. 'பள்ளி நூலக ஊடகத் திட்டங்களுக்கான வழிகாட்டும் கொள்கைகளும் கொள்கைகளும்' என்று வந்து நிற்கும். இரட்டைக் கிளவி போல ஒலிப்பதை உணர்ந்து சிலர் முதல் கொள்கையைக் 'கோட்பாடு' ஆக்கிவிடுகிறார்கள். நோயைவிட மருந்து மோசம்.

வேர் பார்த்துவிடுவோம். பிரின்சிபிள், லத்தீன் 'பிரின்சிபியம்', தொடக்கம், அடிப்படை. பாலிசி, கிரேக்க 'பொலிஸ்' என்ற நகர அரசின் வழி வந்தது, ஆளும் முறை. (காப்பீட்டு பாலிசிக்கு வேர் வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) கொள்கை, 'கொள்' அடியாகப் பிறந்தது, மனத்தில் கொண்டது. 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று பிசிராந்தையார் பாடியபோது அது ஒருவர் உள்ளத்தில் நிற்பது, அதாவது பிரின்சிபிள். கல்விக் கொள்கை, தொழிற்கொள்கை, சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று அரசுத் தமிழ் அதைப் பாலிசிக்கு எடுத்துக்கொண்டது. திரும்பப் பிடுங்க முடியாது. பாலிசிக்கே இருக்கட்டும்.

பிரின்சிபிளுக்கு என்ன சொல்வது? இங்கேதான் கோட்பாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுடைய பெரிய சான்று, பள்ளிப் பாடநூலில் உள்ள 'அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்'. அந்தத் தொடரில் வேலை செய்வது எது என்று பாருங்கள்: 'நெறி'. கோட்பாடு வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார்பியல் கோட்பாடு, இலக்கியக் கோட்பாடு என்று இன்றைய தமிழில் அந்தச் சொல் 'தியரி'க்கு எழுதிக்கொடுத்தாகிவிட்டது. தியரியை ஆய்ந்து பார்க்கலாம், தவறென்று நிறுவலாம், தூக்கிப் போடலாம். 'பல தரப்புக் கருத்துகளைச் சொல்லும் நூல்கள் மாணவர் கைக்கு எட்ட வேண்டும்' என்பது ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் கருதுகோளா? அது ஏற்று நடப்பது. தவிர, கோட்பாடும் அதே 'கொள்' அடியில் பிறந்ததுதான் (கோள் + பாடு). குழப்பத்தை அதன் தம்பியைக் கொண்டு தீர்க்கப் பார்க்கிறார்கள்.

'நெறிமுறை' என்றால்? அதுவும் ஏற்கெனவே நிரம்பிவிட்ட பேருந்து. கைட்லைன், புரோட்டோகால், எத்திக்ஸ் மூன்றும் அதில் தொங்குகின்றன.

'நெறி' போதும். நெறி என்றாலே வழி. 'வழிகாட்டும் நெறி' என்பது வழி காட்டும் வழி. அழுத்தம் வேண்டுமானால் 'அடிப்படை நெறி'. லத்தீன் வேரும் அதில் அடங்கிவிடும்.

இது வெறும் சொல் சண்டை அன்று. மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டாவிட்டால் ஆவணமே பயனற்றுப் போகும். நெறி, அமெரிக்க நூலகச் சங்கம் போன்ற தொழில் அமைப்பு அறிவிப்பது. கொள்கை, அந்தந்த ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியம் வாக்கெடுத்து ஏற்கும் எழுத்து ஆவணம்: நூலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது, எந்த அளவுகோலால், எதிர்ப்பு வந்தால் முடிவு யார் கையில். நடைமுறை அதற்கும் கீழே: பெற்றோர் ஒரு நூலை எதிர்த்தால் முதலில் பேச்சு, தீராவிட்டால் எழுத்து மூலம் விண்ணப்பம், நூலகரும் ஆசிரியரும் பெற்றோரும் அடங்கிய குழு நூலை முழுதாகப் படிப்பது, முடிவு வரும்வரை நூல் அலமாரியிலேயே இருப்பது, பிறகு வாரியத்திடம் மேல்முறையீடு. விண்ணப்பப் படிவத்தின் அமைப்பை நூலகர் மாற்றலாம். கொள்கையை வாரியம்தான் மாற்ற முடியும். மூன்றுக்கும் 'கொள்கை' என்று போட்டால் யார் எதை மாற்றலாம் என்பதே தெரியாது.

நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். 1976-இல் அங்குள்ள வாரியம் சில நூல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. அந்நூல்களைப் படித்துப் பரிந்துரைக்கப் பெற்றோர் நால்வர், பள்ளி ஊழியர் நால்வர் கொண்ட குழுவை அதுவே அமைத்தது. குழுவின் பரிந்துரையைப் பெரும்பாலும் அதுவே தள்ளியது. 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்து, பெரும்பான்மை பெறாவிட்டாலும், இரண்டைத் தொட்டது: கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலை எடுக்கக் கூடாது என்ற நெறி, எடுத்த விதத்தில் இருந்த நடைமுறைக் கோளாறு. இரண்டையும் 'கொள்கை மீறல்' என்று பெயர்த்தால் வழக்கே விளங்காது.

'நீக்கம்' என்ற சொல்லிலும் இதே சங்கடம். கிழிந்ததும் காலாவதியானதுமான நூல்களை எடுப்பது வேறு, எதிர்ப்புக்கு அஞ்சி எடுப்பது வேறு. முதலாவதைக் 'கழிவு' என்றும் இரண்டாவதை 'அகற்றல்' என்றும் பிரித்தெழுதலாம். கழிவு என்ற பெயரில் அகற்றலை ஓசையின்றி முடிப்பதைத் தடுப்பதற்கே நல்ல கொள்கை ஆவணங்களில் தனிப் பத்தி இருக்கும். சிலர் முதலாவதை, அதாவது ஆங்கில நூலகர்கள் 'வீடிங்' என்பதை, 'களையெடுத்தல்' என்கிறார்கள். ஆங்கிலத்தை அப்படியே உழுதிருக்கிறார்கள். பழைய நிலவரைபட நூல் களையா?

மிச்சம் 'ஊடகத் திட்டம்'. 1960-இல் வந்த அமெரிக்கத் தரநிலைகள் 'பள்ளி நூலகம்' என்றே பேசின. படச்சுருள், ஒலிநாடா எல்லாம் புகுந்தபின் 1969-இல் வந்தவை 'மீடியா' என்றன. 1988-இன் 'இன்ஃபர்மேஷன் பவர்' என்ற வழிகாட்டி நூல் இரண்டையும் ஒட்டி 'லைப்ரரி மீடியா' என்றது. அந்த 'மீடியா' அச்சும் படமும் ஒலியுமான கற்றல் பொருள்கள். தமிழில் ஊடகம் என்றதும் கண்முன் வருவது ஒலிவாங்கியுடன் ஓடும் செய்தியாளர். பள்ளி நூலகரைக் குறித்த 'மீடியா ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயரைப் 'பள்ளி ஊடக வல்லுநர்' என்று பெயர்த்தால் தாளாளரின் பத்திரிகைத் தொடர்பாளர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'புரோகிராம்' என்பதும் தொடங்கி முடியும் திட்டம் இல்லை. நூல் திரட்டு, ஆள், இடம், கற்பித்தல் எல்லாம் சேர்ந்த தொடர் வேலை. ஆகவே 'பள்ளி நூலகப் பணிக்கான அடிப்படை நெறிகளும் கொள்கைகளும்' என்று எழுதலாம்.

'மீடியாவை விட்டுவிட்டீர்களே' என்று திருத்துபவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கமே 2010-இல் 'மீடியா ஸ்பெஷலிஸ்ட்' என்ற பதவிப் பெயரைக் கைவிட்டு, 'பள்ளி நூலகர்' என்ற பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது.