பாக்சைட்: ஒரு மலைக்கோட்டை ஊரின் பெயர் கல்லுக்கு வந்த கதை

பள்ளி வேதியியலில் ‘அலுமினியத்தின் முக்கியத் தாது பாக்சைட்’ என்று ஒப்பிக்காதவர்கள் குறைவு. அந்தச் சொல்லுக்குள் ஓர் ஊர் இருக்கிறது. தென் பிரான்சில், ஆர்ல் நகரத்துக்கும் அவிஞ்ஞோனுக்கும் நடுவே, அல்பீய் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடரில், பாறை முகட்டின் மேல் இருக்கும் ‘லே போ தெ புரோவான்ஸ்’. சுருக்கமாக லே போ. பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் ஓர் எக்ஸ் வரும், வாயில் வராது. எழுத்தை எண்ணி ‘லெஸ் பாக்ஸ்’ என்று சொன்னால் ஊர்க்காரருக்கே புரியாது. தமிழ்க் காதுக்குப் பெயரே ‘போ’ என்று விரட்டுகிறது. ஆனாலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

பெயரின் பொருளில்தான் முதல் குழப்பம். பிரெஞ்சில் ‘போ’ என்று ஒலிக்கும் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு ‘அழகானவை’ என்று பொருள். ஊரும் அழகாக இருக்கிறதா, அதனால் பெயருக்கும் அதுதான் பொருள் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, ‘பிரான்சின் மிக அழகிய ஊர்கள்’ என்று 1982-இல் தொடங்கிய சங்கத்தில் லே போவும் உறுப்பினர். அந்தச் சங்கத்தின் பிரெஞ்சுப் பெயரிலேயே அந்த இன்னொரு ‘போ’ இருக்கிறது. ஒலி ஒன்று, சொல் வேறு.

ஊர்ப் பெயரின் வேர் பிரெஞ்சில் இல்லை. அந்த வட்டாரத்தின் பழைய மொழியான புரோவான்சாலில் இருக்கிறது. அதில் ‘பௌ’ என்றால் செங்குத்தாக இறங்கும் பாறைமுகடு. நீஸ் நகருக்குப் பக்கத்தில் சான் ழானே ஊருக்கு மேலே நிற்கும் பாறைக்கும் இன்றுவரை ‘பௌ’ என்றுதான் பெயர். இடைக்கால லத்தீன் ஆவணங்களில் லே போவின் பெயர் ‘பால்சியுஸ்’ என்பது போன்ற வடிவங்களில், நடுவே ஒரு லகரத்தோடு வருகிறது. லத்தீனிலிருந்து புரோவான்சாலுக்கு வந்த பல சொற்களில் மெய்யெழுத்துக்கு முன் நின்ற லகரம் உகரமாகக் கரைந்துவிடும். பால்சியுஸ் பௌ ஆனது அப்படித்தான். கரையாத லகரத்தைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலிக்குப் போக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆன்ஷூ வம்சத்துச் சார்லஸோடு நேப்பிள்ஸ் அரசுக்குப் போய் வேரூன்றிய லே போ பிரபுக் குடும்பத்தின் கிளைக்கு அங்கே ‘தெல் பால்சோ’ என்று பெயர். அதே பாறைதான்.

தமிழில் ‘பௌ’வுக்கு என்ன சொல்லலாம்? அகராதிகளில் ‘செங்குத்துப் பாறை’ என்ற விளக்கம்தான் கிடைக்கும், அது பெயராகாது. என் தேர்வு ‘கோடு’. மலையுச்சி, மலைமுகடு, கொம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். திருச்செங்கோட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல்தான். சமவெளிக்குள் கொம்பு மாதிரி நீண்டு, மூன்று பக்கமும் சரிந்து நிற்கும் பாறைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. ‘வரை’ என்றும் சொல்லலாம், ஆனால் அது முழு மலையையும் குறித்துவிடும்.

இப்படி உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கிளையில் உட்கார்ந்த ஊர்’ என்ற பொருள்படும் தொடரால் அழைக்கிறார்கள். பறவைக்குச் சொல்லும் வினைச்சொல் அது. அதை அப்படியே தமிழாக்கி ‘அமர்ந்த கிராமம்’ என்று எழுதினால் வாசகர் முழிப்பார். ‘குன்றூர்’ போதும். புரோவான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் எங்கும் இந்த வகை ஊர்கள் உண்டு. 10 முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள் பிரபுவின் கோட்டையைச் சுற்றிக் குடிகள் ஒண்டிக்கொண்டதில் பெரும்பாலானவை உருவானவை.

லே போவுக்குள் கார் நுழையாது. கீழே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தரையெல்லாம் வழுவழுப்பாகத் தேய்ந்த கல். செருப்பில் பிடிமானம் இல்லையென்றால் மழை நாளில் தொல்லைதான். பாறையையே வெட்டிப் போட்ட ஒரு தெருவுக்கு ‘த்ரென்கா’ என்று பெயர். ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். கட்டியது எது, குடைந்தது எது என்று இந்த ஊரில் பிரித்துச் சொல்லவே முடியாது. 12-ஆம் நூற்றாண்டின் சான் வென்சான் தேவாலயத்தின் ஒரு பக்கம் பாறைக்குள்ளேயே போய்விடுகிறது. கொஞ்சம் தள்ளி, கூரையும் சுவரும் இல்லாமல் ஒரு சன்னல் மட்டும் நிற்கும். அதன் மேல் ‘இருளுக்குப் பின் ஒளி’ என்று லத்தீனில் செதுக்கி, 1571 என்று ஆண்டும் போட்டிருக்கிறது. கத்தோலிக்கரோடு மோதிய கால்வின் வழிச் சீர்திருத்தச் சபையினர் இங்கே வழிபட்டதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தச் சன்னல்.

அப்புறம் கோட்டை. இங்கேதான் தமிழில் எழுதுகிறவருக்குத் திண்டாட்டம். படை தங்கும் காப்பிடம், பிரபு குடியிருக்கும் காப்பிடம், நகரத்தின் உச்சிக் காப்பு என்று ஐரோப்பிய மொழிகள் மூன்றாகப் பிரிப்பதை நாம் ‘கோட்டை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பிரெஞ்சின் ‘ஷாத்தோ’, லத்தீனில் படைமுகாமைக் குறித்த ‘காஸ்த்ரும்’ என்ற சொல்லின் குறுவடிவிலிருந்து வந்தது. பிரபு அதில் குடும்பத்தோடு வாழவும் செய்தார், எதிரி வந்தால் கதவை அடைத்துச் சண்டையும் போட்டார். இந்த இரட்டைப் பொருளுக்குத் தமிழில் நேரான சொல் இருக்கத்தான் செய்தது: அரண் + மனை, அரண்மனை. ஆனால் இன்று அதைக் கேட்டால் தூண்களும் தர்பார் மண்டபமும்தான் கண்ணுக்குள் வரும். லே போவில் இருப்பதோ காற்று விசிறும் மொட்டைப் பாறை மேல் பாதிச் சுவர்கள். ஆகவே இடத்தைக் ‘கோட்டை’ என்றும், வகையைச் சொல்லும்போது ‘மலையரண்’ என்றும் எழுதுவதே நல்லது. நீர், நிலம், மலை, காடு என அரணை நான்காக எண்ணிய மரபு நம்முடையது, குறளிலேயே இருக்கிறது.

கோட்டையின் உச்சியில், 13-ஆம் நூற்றாண்டில், பாதி குடைந்தும் பாதி கட்டியும் எழுப்பிய பெருங்கோபுரத்தின் மிச்சம் நிற்கிறது. பிரெஞ்சில் அதற்கு ‘தோன்ஷோன்’ என்று பெயர். லத்தீனில் தலைவனைக் குறிக்கும் ‘தொமினுஸ்’ அதன் வேர்; அதாவது ஆள்பவனின் கோபுரம். இதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘டஞ்சன்’ ஆகி, காலப்போக்கில் நிலத்தடிச் சிறையைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. ஆங்கில வழியாகவே பார்க்கிறவர்கள் உச்சிக் கோபுரத்தைப் ‘பாதாளச் சிறை’ என்று எழுதிவிடும் அபாயம் அதனால்தான். ‘தலைமைக் கோபுரம்’ என்று போட்டால் வேருக்கும் பொருந்தும், பார்வைக்கும் பொருந்தும்.

பக்கத்திலேயே பாறைச் சுவரில் வரிசை வரிசையாகச் சதுரப் பொந்துகள். புறாக்கூடுகள். புறா வளர்ப்பது அந்தக் காலத்தில் பிரபுவின் சலுகை. இறைச்சிக்கும் ஆகும், எச்சம் எருவுக்கும் ஆகும். மேடையில் மரத்தால் செய்த ஒரு பிரம்மாண்டமான கல்லெறி பொறியும் இருக்கிறது; பழையது இல்லை, பார்வையாளர்களுக்காகப் பழைய முறையில் கட்டியது. ஆங்கிலத்தில் ‘டிரெபுஷே’ என்பார்கள். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். மதுரை மதிலின் பொறிகளை வரிசைப்படுத்தும்போது சிலப்பதிகாரம் ‘கல்லுமிழ் கவண்’ என்கிறது. எடைக்கட்டு, நெம்புகோல் போன்ற நுட்பம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்த வேலை ஒன்று.

இந்தக் கோட்டையை ஆண்டவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை, அல்லது அப்படி நினைத்துக்கொண்டார்கள். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகளில் ஒருவரான பல்தசாரின் வழிவந்தவர்கள் என்று சொல்லி, பதினாறு முனை நட்சத்திரத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரேமோன் தெ துரேன் என்பவர் இங்கிருந்து சுற்றுவட்டாரத்தைக் கொள்ளையடித்தார். பணயத்தொகை கட்ட முடியாத கைதிகளை முகட்டிலிருந்து குதிக்கவிட்டு ரசித்தார் என்றும் கதை உண்டு. வம்சத்தின் கடைசிச் சீமாட்டி அலிக்ஸ் 1426-இல் இறந்தார். 1481-இல் புரோவான்ஸ் பிரெஞ்சு முடியாட்சியோடு சேர, இரண்டே ஆண்டில் பதினோராம் லூயி கோட்டையைத் தகர்க்கச் சொன்னார். பிறகு மறுபடி எழுந்தது, மறுபடி கலகத்துக்கு அடைக்கலம் தந்தது. 1632-33-இல் கார்தினால் ரிஷ்லியூவின் காலத்தில் ஒரேயடியாக இடித்துத் தள்ளினார்கள்.

அதனால் இந்த இடத்தைச் ‘சிதிலம்’ என்று எழுதுவது எனக்கு உறுத்தும். சிதிலம் என்றால் கவனிப்பாரற்றுத் தானாகச் சிதைவது. லே போ ஆள் வைத்து, வெடிமருந்து வைத்து உடைத்த இடம். ‘இடிபாடு’தான் சரி. 1642-இல் இந்த ஊர் மொனாக்கோவின் கிரிமால்டி குடும்பத்துக்குப் போனது. பிரெஞ்சுப் புரட்சியில் நிலம் கைநழுவினாலும் ‘லே போ மார்க்கீ’ என்ற பட்டத்தை அந்தக் குடும்பம் விடவில்லை. இன்றைய மொனாக்கோ வாரிசு இளவரசர் ழாக் அதைத்தான் சுமக்கிறார்.

ஊர் ஓய்ந்த பிறகு கல்லின் காலம் வந்தது. 1821-இல் பியேர் பெர்த்தியே என்ற சுரங்கப் பொறியாளர் இந்த வட்டாரத்துச் சிவப்புக் கல்லைப் பகுத்தாய்ந்தார். நிறத்தைப் பார்த்தால் இரும்புத் தாது மாதிரி இருக்கும். ஆய்வில் பாதிக்கு மேல் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு; இரும்பு ஆக்சைடு கால் பங்கை ஒட்டி, மிச்சம் நீர். இரும்பு உருக்குகிறவனுக்கு உதவாத கல். பெர்த்தியே தன் கட்டுரைத் தலைப்பில் ஊரின் பெயரை, முன்பு சொன்ன அந்த ‘அழகான’ போவின் எழுத்துக்கூட்டில் எழுதினார். அதை ஒட்டிக் கல்லுக்கும் முதலில் ஓர் எழுத்து கூடுதலாகவே பெயர் வைத்தார்கள். 1861 வாக்கில் வேதியியலாளர் ஆன்றி சான்த்-கிளேர் தெவீல் அதைத் திருத்தி, ஊரின் சரியான எழுத்துக்கூட்டுக்குக் கொண்டுவந்தார். வாயில் வராத அந்த எக்ஸ், கல்லின் பெயரில் ‘க்ச’ என்று உயிர்பெற்றுவிட்டது. பிரெஞ்சில் ‘போக்சித்’, ஆங்கிலத்தில் ‘பாக்சைட்’. நாம் ஆங்கில ஒலியைப் பிடித்துக்கொண்டோம். முடிவில் வரும் ‘ஐட்’ கிராபைட், கால்சைட்டில் வரும் அதே கிரேக்க ஒட்டு.

அப்போதும் இந்தக் கல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாக அலுமினாவிலிருந்து அலுமினியம் எடுக்கும் மின்பகுப்பு முறையைக் கண்டுபிடித்து, அடுத்த ஓரிரு ஆண்டில் பேயர் என்ற வேதியியலாளர் பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்ட பிறகே உலகம் பாக்சைட்டைத் தேடி ஓடியது. தோராயமாக நான்கு டன் பாக்சைட்டிலிருந்து இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம்.

தமிழ் நிகருக்கு வருவோம். ‘அலுமினியத் தாது’ என்பது விளக்கம். பெயராக வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. பாக்சைட்டை ‘கனிமம்’ என்று எழுதுவது இன்னும் பெரிய பிழை. கனிமம் என்றால் குறிப்பிட்ட வேதிச் சேர்க்கையும் படிக அமைப்பும் கொண்ட ஒரே பொருள். பாக்சைட் கிப்சைட், போமைட், டயாஸ்போர் என்ற மூன்று கனிமங்கள் இரும்பு ஆக்சைடோடும் களிமண்ணோடும் கலந்து கிடக்கும் பாறை. லாபகரமாக உலோகம் எடுக்க முடிகிறபோது அதையே தாது என்கிறோம். களிமண்ணிலும் அலுமினியம் உண்டு, ஆனால் அது தாது இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்தது இந்த வேறுபாட்டைத்தான். எனவே பாறையின் பெயர் பாக்சைட், அதன் பயன்பாட்டு வகை அலுமினியத் தாது. இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக வைக்கக் கூடாது.

தனித்தமிழ் ஆர்வத்தில் ‘செங்கல்’ என்று யாராவது கிளம்பினால், சூளைக்காரர் சண்டைக்கு வருவார். ‘செம்புராங்கல்’ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. வெப்பமும் மழையும் சேர்ந்து பாறையை ஊறவைத்துக் கரைப்பதைக் கரைத்துவிட்டு, இரும்பை மிச்சம் வைத்தால் செம்புராங்கல், அலுமினாவை மிச்சம் வைத்தால் பாக்சைட். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆள் வேறு. ஆகவே அதுவும் ஆகாது. ஊர்ப் பெயரிலிருந்து வந்த சொல்லை ஊர்ப் பெயராகவே விட்டுவிடுவதுதான் முறை. ‘பாக்சைட்’ என்று எழுதுவோம், கிரந்த ஸகரம் தேவையில்லை.

இந்தச் சொல் நம் பக்கத்துச் சுரங்கங்களிலும் புழங்கியதுதான். மேட்டூரில் இருந்த அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டுச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்தான் லாரியில் இறங்கியது. லே போவில் இன்று வெட்டுவதில்லை. அங்கே போகிறவர்கள் கோட்டைக்குள் பாக்சைட்டைத் தேடி ஏமாற வேண்டாம். கோட்டையும் ஊரும் முழுக்க வெளிறிய சுண்ணாம்புக்கல். சிவப்பைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்கி, சாலையோரம் வெட்டுப்பட்ட மேடுகளைப் பார்க்க வேண்டும்.