உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து: அயோவா அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்ற நேரக் கணக்கு

1996 ஆகஸ்டில் டெ மோயின் நகரில் நடந்த அரீனா பவுல் இறுதிப் போட்டியில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணி 38 புள்ளிகள் எடுத்தும் தோற்றது. எதிரணியான டாம்பா பே ஸ்டார்ம் 42 புள்ளிகள் எடுத்திருந்தது. திறந்தவெளி அமெரிக்கக் கால்பந்தில் 38 புள்ளிகள் பெரும்பாலும் வெற்றிக்குப் போதும். உள்ளரங்கில் போதாமல் போவதற்குக் காரணம் தடுப்பாட்டக்காரர்களின் அலட்சியம் அல்ல. களத்தின் அளவும் விதிகளும் சேர்ந்து அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுகின்றன.

ஜிம் ஃபாஸ்டர் வடிவமைத்து, 1987-இல் நான்கு அணிகளுடன் தொடங்கிய இந்த ஆட்டத்தின் களம் 50 கெஜ நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. 85 அடி என்பது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கித் தளத்தின் அகலம். இருக்கும் அரங்குகளிலேயே ஆட முடிந்தது அதனால்தான். திறந்தவெளிக் களத்தின் பரப்பில் இது கால் பங்கைவிடச் சற்றே அதிகம். அணிக்கு 11 பேருக்குப் பதில் 8 பேர் ஆடினாலும், ஓர் ஆட்டக்காரருக்கு 203 சதுர மீட்டர் கிடைத்த இடத்தில் இங்கே 74 சதுர மீட்டர்தான் கிடைக்கிறது.

இத்தனை நெருக்கத்தில் தடுப்பது எளிது என்று தோன்றலாம். அதைத் தலைகீழாக்குவது ஒரே ஒரு விதி: பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஒருவர், ஒவ்வொரு முறையும் பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்பே எதிரணியை நோக்கி ஓடத் தொடங்கலாம். அவர் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஆட்டம் தொடங்கும் கோட்டினைக் கடக்கும் தருணத்தில் தடுப்பாட்டக்காரர் நின்ற நிலையில் இருப்பதாகக் கொள்வோம். அந்தத் தடுப்பாட்டக்காரர் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வேகம் கூட்டக்கூடிய வலிமை படைத்தவர் என்றாலும், முதல் வினாடியில் இரண்டரை மீட்டரே கடப்பார். ரிசீவரோ அதற்குள் 7 மீட்டர் போயிருப்பார். என் பார்வையில் இந்த ஆட்டத்தின் உயிர்நாடி இந்த நாலரை மீட்டர் இடைவெளிதான்.

அந்த இடைவெளி மூடுவதற்குள், தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் பந்தை எறிந்தாக வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் தூரத்துக்கு எறிய 15 பாகைச் சாய்வு போதும்; பந்து ஏறத்தாழ ஒரு வினாடியில் போய்ச் சேரும். அதே வேகத்தில் 40 மீட்டருக்கு எறிய 39 பாகைச் சாய்வும் இரண்டரை வினாடியும் தேவைப்படும், அதற்குள் தடுப்பாட்டக்காரர் பந்துக்கு அடியில் வந்துவிடுவார். ஆகவே உள்ளரங்கில் தாழ்ந்து விரையும் குறுகிய எறிகளே வெல்கின்றன; கையின் வலிமையைவிட, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் வேகமே பெரிது.

கோல் கம்பங்களின் இருபுறமும் 30 அடி அகலத்தில், தரையிலிருந்து 8 அடிக்கு மேல் கட்டப்பட்ட வலைகள் இன்னொரு சிக்கல். அவற்றில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் உள்ள பந்தே. இழுத்துக் கட்டிய வலை பந்தின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சி மீதியைத் திருப்பித் தருகிறது. பந்து நீள்கோள வடிவம் கொண்டதால், அதன் நுனி சாய்வாகப் பட்டால் விசை மையத்தின் வழியே செல்லாமல் பந்தைச் சுழற்றிவிடும், எனவே அது எங்கே விழும் என்பதை வலையில் பட்ட நொடியிலேயே கணிக்க வேண்டும்.

அக்காலத்தில் பெரும்பாலானோர் தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடினர். சில வினாடிப் பாய்ச்சலுக்குத் தசைகள் பயன்படுத்தும் பாஸ்போகிரியாட்டின் என்ற ஆற்றல் தரும் வேதிப்பொருள் பாதியளவு மீளவே அரை நிமிடம் ஆகும் என்பதால், சோர்வும் தடுப்பவரின் முதல் அடியையே அதிகம் தாமதப்படுத்தும்.

அயோவா அணியின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர், 1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற திறந்தவெளிக் கால்பந்து அணி விடுவித்தபின் பல்பொருள் அங்காடியில் இரவில் பொருள்களை அடுக்கியவர். 1997-இலும் அவர் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். அரிசோனா ராட்லர்ஸ் 55-33 என்று வென்றது. ஆனால் ஒரு வினாடிக்குள் முடிவெடுத்து எறியும் பழக்கம் அவரிடம் நிலைத்தது. 2000 ஜனவரியில் திறந்தவெளிக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ராம்ஸ் அணிக்காக அவர் எறிந்த பந்துகள் 414 கெஜம் ஈட்டித்தந்தன. டென்னசி டைட்டன்ஸை ராம்ஸ் 23-16 என்று வென்றது.