கிரீன் பெல்ட் வயலில் வீடுகள்: கவுன்சிலுக்கு எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

"பின்னால் இருப்பது கிரீன் பெல்ட் நிலம், அங்கே யாரும் வீடு கட்ட முடியாது." லண்டனைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பிறகு ஒருநாள் அந்த வயலின் வேலியில் கவுன்சிலின் அறிவிப்புத் தாள் தொங்கும்: 120 வீடுகளுக்கு பிளானிங் அனுமதி கோரி விண்ணப்பம். கருத்துச் சொல்ல 21 நாள்.

அந்த 21 நாளில் எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை முடிவை அசைப்பதே இல்லை. கவலை பொய்யானது என்பதால் அல்ல. 2024 டிசம்பரில் விதி மாறிவிட்டது, கடிதங்கள் இன்னும் பழைய விதியை வைத்தே எழுதப்படுகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிரீன் பெல்ட் வேறு, வில்லேஜ் கிரீன் (ஊர்ப் பொதுத்திடல்) வேறு. ஊரார் 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல், யாரும் தடுக்காமல், மறைவின்றி விளையாடிப் புழங்கிய நிலத்தை 2006ஆம் ஆண்டின் காமன்ஸ் சட்டப்படி வில்லேஜ் கிரீனாகப் பதிவு செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த நிலத்துக்கு பிளானிங் விண்ணப்பம் வந்து அறிவிக்கப்பட்டுவிட்டால், 2013இல் வந்த சட்டம் அந்த வாசலை அடைத்துவிடும். அறிவிப்புத் தாளைப் பார்த்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

கிரீன் பெல்ட் என்பது நகரம் பரவுவதைத் தடுக்கப் போட்ட வேலி. லண்டனுக்கு 1938இல் தனிச்சட்டம் வந்தது. 1955இல் அரசின் சுற்றறிக்கை மற்ற நகரங்களுக்கும் வழி திறந்தது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு இதற்குள் இருக்கிறது. நிலம் அழகானதா, பறவை வருகிறதா, மக்கள் நடக்கிறார்களா என்பதெல்லாம் அந்த வேலியின் கணக்கில் இல்லை. அவற்றுக்கு வேறு விதிகள் உண்டு, அவற்றின் கீழ்தான் வாதிட வேண்டும்.

இப்போது கிரே பெல்ட். 2024 டிசம்பரில் மாறிய விதி இதுதான்: கிரீன் பெல்ட்டுக்குள்ளேயே வீடு கட்ட வழிவிடும் நிலவகை. இங்கிலாந்துக்கான அரசின் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் கிரீன் பெல்ட்டுக்கு ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது. பெரிய நகரப் பகுதி கட்டற்றுப் பரவாமல் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து நகரங்கள் ஒன்றாகிவிடாமல் காப்பது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடங்கள் ஊடுருவாமல் பார்ப்பது, வரலாற்று நகரங்களின் சூழலைக் காப்பது, நகருக்குள் பாழான நிலத்தை மறுபடி பயன்படுத்தத் தூண்டுவது. இவற்றில் முதல், இரண்டாம், நான்காம் நோக்கங்களில் எதற்கும் ஒரு நிலம் 'வலுவாக' உதவவில்லை என்றால் அது கிரே பெல்ட். மூன்றாவது நோக்கம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். திறந்த வயல் என்ற ஒரே காரணம் இனி நிலத்தைக் காப்பாற்றாது.

கிராமத்தாருக்கு இதைவிடப் பெரிய அடி 2025 பிப்ரவரியில் வந்த அரசு வழிகாட்டுதலில் இருக்கிறது. கிராமங்களைப் பெரிய நகரப் பகுதியாகக் கொள்ளக் கூடாது. ஒன்றாகிவிடாமல் காப்பது என்பது நகரங்களைப் பற்றியது, கிராமங்களைப் பற்றியது அல்ல. "எங்கள் கிராமமும் அடுத்த கிராமமும் ஒட்டிப்போகும்" என்ற, எல்லாக் கடிதத்திலும் முதலில் வரும் வரி, கிரே பெல்ட்டா இல்லையா என்ற கேள்வியில் இப்போது எடுபடுவதில்லை. அதே கவலையை எடுபடும்படி சொல்ல ஒரு வழி உண்டு. உங்கள் கிராமம் இரண்டு நகரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இருந்தால், இந்த வயல் போனால் அந்த நகரங்களுக்கு இடையே மிஞ்சும் தூரம் எவ்வளவு என்று வரைபடத்தில் அளந்து எழுதுங்கள். நகரங்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். கூடவே, வெள்ள அபாயம், பழங்காடு, பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தின் சூழல் போன்றவை அனுமதியை மறுக்க வலுவான காரணமாக அமைந்தால் அந்த நிலம் கிரே பெல்ட் ஆகாது. அதையும் தேடிப் பாருங்கள்.

கிரே பெல்ட் என்று ஆனாலும் விண்ணப்பதாரர் வேறு தடைகளையும் தாண்ட வேண்டும். வீட்டுத் தேவை நிறைவேறாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். உங்கள் கவுன்சிலிடம் ஐந்தாண்டுக்கான வீட்டு நிலக் கையிருப்பு இல்லையென்றால் இது தானாகவே நிரூபணமாகிவிடும். கவுன்சிலின் அண்மைய கணக்கை முதல் நாளே பார்த்துவிடுங்கள். கையிருப்பு இல்லாத இடத்தில் "இங்கே வீடு தேவையில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவது நேர விரயம். வீடில்லாமல் தவிக்கும் குடும்பங்கள் இருப்பதும் உண்மைதானே.

அடுத்தது தங்க விதிகள் (கோல்டன் ரூல்ஸ்), கிரீன் பெல்ட்டில் வீடு கட்டுபவர் ஊருக்குத் திருப்பித் தர வேண்டியவை. பத்து வீடோ அதற்கு மேலோ உள்ள திட்டத்தில், ஊரின் வழக்கமான மலிவு வீட்டு விகிதத்தோடு 15 புள்ளிகள் கூட்ட வேண்டும். உச்சவரம்பு 50 விழுக்காடு. கவுன்சில் கொள்கை 30 என்றால் இங்கே 45. அதாவது 120 வீடுகளில் 54. மக்கள் புழங்கப் பசுமை வெளியும் தேவையான அடிப்படை வசதிகளும் சேர வேண்டும். விண்ணப்பத்தில் எண்ணைச் சரிபாருங்கள்.

கிராமத்து நிலங்கள் உண்மையில் தடுக்கி விழுவது இடம் பொருந்துமா என்ற கேள்வியில்தான். காரில்லாமல் அங்கே வாழ முடியுமா? பேருந்து நாளைக்கு எத்தனை முறை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஞாயிறன்று உண்டா? தொடக்கப் பள்ளிக்கு நடைபாதை முழு நீளமும் இருக்கிறதா, நடுவில் அறுந்துபோகிறதா, தெருவிளக்கு உண்டா? குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போகிற மாதிரி நினைத்து நடந்து, மீட்டரில் அளந்து, படமெடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். புதிய பேருந்துக்குப் பணம் தருகிறோம் என்று வந்தால், எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள்.

சாலை விஷயத்தில் "டிராஃபிக் கூடும்" என்பது வாதமே அல்ல. பாதுகாப்புக்கு ஏற்க முடியாத கேடு, அல்லது போக்குவரத்தில் கடுமையான தாக்கம் என்று காட்டினால்தான் சாலையைக் காரணமாக்கி மறுக்க முடியும். எனவே வரைபடத்தில் புதிய வாசல் சாலையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் முக்கோணங்கள் வரைந்திருப்பார்கள். பிரதான சாலையின் ஓரத்திலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நிற்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு, வண்டிகள் மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் சாலையில் 43 மீட்டர் தெரிய வேண்டும். பலகையில் 30 என்று எழுதியிருந்தாலும் வண்டிகள் 37இல் பறந்தால் தேவை 59 மீட்டர் ஆகிவிடும். நூற்றுக்கு 85 வண்டிகள் தாண்டாத வேகம் எதுவோ அதையே கணக்கில் எடுக்கிறார்கள். வேகம் அளந்த தேதியைப் பாருங்கள்: பள்ளி விடுமுறையா? அளந்த இடம் எது, வளைவுக்கு அருகிலா? அந்த முக்கோணத்துக்குள் யாருடைய புதர்வேலி வளர்கிறது? அது விண்ணப்ப நிலத்தின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் சாலைத்துறை நிலத்திலும் இல்லாமல் பக்கத்து வீட்டாருடையது என்றால், அதை வெட்டும் உரிமை விண்ணப்பதாரருக்கு இல்லை. சாலையைப் பற்றிய நூறு பொதுக் கடிதத்தைவிட இந்த ஒரு கண்டுபிடிப்புக்கு எடை அதிகம்.

கழிவுநீர்க் குழாய் நிரம்பி வழிகிறது என்பது நியாயமான முறையீடு. ஆனால் புதிய வீட்டுக்குப் பொதுக் குழாயில் இணையும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே "மறுத்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதாமல், குழாயின் கொள்ளளவைக் கூட்டும் பணி முடியும்வரை யாரும் குடியேறக் கூடாது என்ற நிபந்தனையைக் கேளுங்கள். வயலில் நீர் தேங்கும் நாளில் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். இயற்கைக்கும் அப்படியே. பெரிய திட்டங்களில் பல்லுயிர் வளம் 10 விழுக்காடு கூட வேண்டும், 30 ஆண்டு பேண வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் சட்டம். விண்ணப்பத்துக்கு முன்பே புதரையும் மரத்தையும் அழித்திருந்தால், 2020 ஜனவரி 30 தொட்டு அழித்தவை கணக்கில் திரும்பச் சேர்க்கப்படும். உங்கள் பழைய கைபேசிப் படங்கள் அங்கே சாட்சி.

வீட்டு மதிப்பு குறையும், ஜன்னல் காட்சி போகும், கட்டுநர் லாபம் அடிக்கிறார் என்பவற்றை அதிகாரி ஒதுக்கிவிடுவார். மாறாக, உங்கள் வீட்டுக்குள் நேராகப் பார்வை விழுவதும் வெளிச்சம் அடைபடுவதும் எடுபடும். மலிவு வீடுகளில் வரப்போகிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு சொல்லும் எழுதாதீர்கள். புதிதாக வந்தவர்கள் என்று ஒரு காலத்தில் நம்மையும் இந்த நாட்டில் அப்படித்தான் எழுதினார்கள்.

ஒரே வாசகத்தில் முந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, ஆளுக்கொரு விஷயத்தைப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் சொந்தச் சொற்களில் எழுதுவது மேல். பாரிஷ் (கிராம) கவுன்சிலின் அடுத்த கூட்டத்துக்கும் போங்கள். வார்டு கவுன்சிலரிடம், இதை அதிகாரியே முடிவு செய்யாமல் கவுன்சிலர்களின் திட்டமிடல் குழுவின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் கெடு உண்டு.

விண்ணப்பம் 'அவுட்லைன்' வகையா என்று தலைப்பிலேயே பாருங்கள். அப்படியானால் இத்தனை வீடு வரலாம் என்பது இப்போதே முடிவாகிவிடும். வடிவமும் உயரமும் மரமும் பிறகு வரும்போது "வீடே வேண்டாம்" என்று சொல்ல முடியாது. கவுன்சில் மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் அயலவருக்கு அந்த உரிமை இல்லை, ஆறு வாரத்துக்குள் நீதிமன்ற மறுஆய்வு மட்டுமே. மேல்முறையீட்டில் உங்கள் முதல் கடிதமே அதை முடிவு செய்யும் திட்டமிடல் ஆய்வாளரின் மேசைக்குப் போகிறது. கோபத்தில் எழுதியதும் சேர்ந்தே போகும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது: கவுன்சிலின் லோக்கல் பிளான், அதாவது எங்கே என்ன கட்டலாம் என்ற ஊர்த் திட்டம். வயலின் பெயர் முதலில் அங்கேதான் தோன்றும். அதன் ஒழுங்குவிதி 19 கட்டத்தில், அதாவது இறுதி வரைவு வெளியாகும் கட்டத்தில், குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்பார்கள். அதில் மாற்றம் கேட்டு எழுதியவருக்கு ஆய்வாளர் முன் நேரில் பேசும் உரிமை கிடைக்கிறது. கவுன்சில் தளத்தில் உங்கள் மின்னஞ்சலை இன்றே பதிந்துவையுங்கள்.

அனுமதி கிடைத்தே தீரும் என்ற நிலை வந்தால், பிரிவு 106 ஒப்பந்தத்தின் (கட்டுநர் கவுன்சிலுக்குச் சட்டப்படி தரும் வாக்குறுதிகள்) வரைவைக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டுத் திடல், நடைபாதை, பள்ளிக்கான பணம் ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும் முன் அது முடிய வேண்டும் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் 30ஆ, 110ஆ என்று பாருங்கள். 110 என்றிருந்தால், கையெழுத்தாவதற்கு முன்பே பாரிஷ் கவுன்சில் வழியாக அதைக் குறைக்கக் கேட்டு எழுதுங்கள்.