கலைந்ததா, கலைத்ததா?

ஒருநாள் காலையில் அடுத்தடுத்து இரண்டு பெண்களுக்கு ஸ்கேன் பார்த்தேன். இருவருக்கும் 8 வாரம். முதலாமவரிடம் "குழந்தை நன்றாக இருக்கிறது" என்றேன். இரண்டாமவர் கலைக்க வந்திருந்தார். அவரிடம் "8 வாரக் கரு" என்றேன். திரையையும் என் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன். இருவர் வயிற்றிலும் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள அதே உயிர்தான். அவர்கள் போன பிறகு செவிலியர் கேட்டார்: "அவருக்குக் குழந்தை, இவருக்குக் கருவா, டாக்டர்?"

கனிவினால் அப்படிச் சொன்னேன் என்று சமாதானம் கூறலாம். அதில் பாதி உண்மை. ஆனால் பொது விவாதத்தில் அதே வார்த்தை மாற்றம் வாதத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. 'சிசுக்கொலை' என்று தொடங்குபவர் நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்காமலே தீர்ப்பைப் படித்துவிடுகிறார். 'வெறும் செல் திரள்' என்பவர் செய்வதும் அதையேதான். 12ஆம் வார ஸ்கேனில் கை, கால், விரல்கள் தெரிகின்றன. அதைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எவரும் மனமறிந்து அப்படிச் சொல்ல முடியாது.

வாரக் கணக்கே பலருக்குப் புரிவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது எங்கள் வழக்கம். கரு உண்டாவதோ அதற்குச் சுமார் 2 வாரம் கழித்து. ஆகவே '6 வாரக் கர்ப்பம்' என்றால் நாள் தள்ளிப்போய் 2 வாரம்தான் ஆகியிருக்கும். "6 வாரம் சும்மா இருந்தாளா?" என்று கேட்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மாதவிடாய் சீராக வராத பெண்ணுக்கு அந்த 2 வாரமும் கிடைக்காது.

அந்த 6ஆம் வாரத்தில் ஸ்கேனில் ஒரு துடிப்பு தெரியும். அப்போது நான்கு அறைகளும் வால்வுகளும் உள்ள இதயம் உருவாகியிருக்காது. குழாய் போன்ற திசுதான் துடிக்கிறது. காதில் விழும் சத்தமும் கருவி உண்டாக்குவதே. ஆகவே 'இதயத் துடிப்பு' என்பது ஏமாற்று என்கிறார்கள் சக மருத்துவர்கள் சிலர். சரி, பல ஆண்டுகள் ஏங்கிய தம்பதியிடம் "இதயத் துடிப்பு வந்துவிட்டது" என்று வாய்நிறையச் சொல்வதும் நாம்தானே?

1995 வாக்கில் அமெரிக்க அரசியலில், கருவின் உடலில் பெரும்பகுதியை வெளியே எடுத்த பிறகு கலைக்கும் ஒரு முறைக்கு 'பாதிப் பிரசவக் கருக்கலைப்பு' என்றொரு பெயர் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவ நூல்களில் இல்லாத பெயர் அது. கேட்பவரை நடுங்கவைப்பதற்கென்றே கட்டிய பெயர். எதிர்த்தரப்பு என்ன செய்தது? கருக்கலைப்பு மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்றின் நிர்வாகி ரான் ஃபிட்ஸ்சிமன்ஸ், அந்த முறை மிக அரிது, தாயின் உயிருக்கு ஆபத்தோ கருவுக்குக் குறைபாடோ இருந்தால் மட்டுமே கையாளப்படுவது என்று பேட்டி கொடுத்தார். 1997இல், தான் சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் தாயும் கருவும் ஆரோக்கியமாக இருந்தபோதே அது செய்யப்பட்டது என்றார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவள் நான். அந்தப் பொய் என் தரப்புக்குச் செய்த கேட்டை எதிரிகள் செய்திருக்க முடியாது.

தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. தானாகப் போனால் 'கலைந்தது'. நாமாகச் செய்தால் 'கலைத்தது'. மருத்துவக் குறிப்பிலோ இரண்டுக்கும் 'அபார்ஷன்' என்றே எழுதிவிடுகிறோம். கருவை இழந்து வந்த ஒருவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, "நான் கலைக்கவில்லையே, டாக்டர்" என்று அழுதார். இன்னொரு பக்கம், கலைத்தவர்கள் பலர் "கலைந்துவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவத்துக்குத் தேவை என்றால் தனியாக இருக்கும்போது கேட்பேன். மற்றபடி அந்தப் பொய்யை மட்டும் நான் திருத்துவதில்லை.

இப்போதெல்லாம் திரையைத் திருப்பும் முன் "பார்க்க விருப்பமா?" என்று கேட்கிறேன். வாரத்தையும் நீளத்தையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்கிறேன். அதற்கு என்ன பெயர் என்பதை அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒருவர், "இந்தக் குழந்தையை இப்போது என்னால் பெற முடியாது" என்று சொல்லிக்கொண்டே சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார். 'கரு' என்று திருத்த வாயெடுத்த நான் பேசாமல் படிவத்தை வாங்கிக்கொண்டேன்.